ஜெர்மன் முதுவீரர்களுக்கு எழுதிய கடிதங்கள்: கேள்வி பதில்

இரண்டாம் உலகப்போரில் பதக்கம் வாங்கிய ஜெர்மன் வீரர்களுக்கு 1988 முதல் கடிதம் எழுதி வருகிறேன். வேலைக்காக ஜெர்மனிக்கு வந்த புதிதில், மொழி பழகட்டும் என்று தொடங்கிய பழக்கம் இது. இன்று ஏழு அட்டைப்பெட்டிகள் நிறைந்திருக்கின்றன. பழைய கடிதங்களையும் கையெழுத்துகளையும் சேகரிக்கும் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சேகரிப்பாளர்கள் எல்லோரும் "நைட்ஸ் கிராஸ்" என்கிறார்களே, அது என்ன ஐயா?

இரும்புச் சிலுவை, பிரஷ்யா என்ற பழைய ஜெர்மன் அரசின் பதக்கம். 1813இல் நெப்போலியனை எதிர்த்த போரின்போது மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் மன்னர் ஏற்படுத்தியது. 1870இலும் 1914இலும் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1939 செப்டம்பர் 1, போலந்து மீது படை ஏவிய அதே நாளில் ஹிட்லர் மறுபடி கொண்டுவந்தபோது, கழுத்தில் அணியும் புதிய படி ஒன்றைச் சேர்த்தார். அதுதான் நைட்ஸ் கிராஸ், ஜெர்மனில் ரிட்டர்க்ராய்ட்ஸ். ஏறக்குறைய 7,300 பேர் பெற்றார்கள். அதற்கு மேலே ஓக் இலை, வாள், வைரம் என்று படிகள் உண்டு. வைரம் வரை போனவர்கள் 27 பேர்.

சேகரிப்பவர்கள் பெரும்பாலும் இந்த 7,300 பெயர்களைத்தான் தேடுகிறார்கள். ஆனால் என் பெட்டிகளில் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல், அடிப்படியான இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை மட்டும் வாங்கிய சாதாரணச் சிப்பாய்கள் எழுதியவை. பேர்பெற்றவர்கள் ஒரே சம்பவத்தை நூறு பேருக்குச் சொல்லிச் சொல்லி, அது தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. சிப்பாயிடம் யாரும் கேட்டதே இல்லை. முதல்முறை சொல்லும்போது வரும் தடுமாற்றம் அந்தக் கடிதங்களில் அப்படியே இருக்கிறது.

மதுரையிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: முன்பின் தெரியாத முதியவருக்கு முதல் கடிதத்தில் என்னதான் எழுதுவது?

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நான் யார், எந்த ஊர், உங்கள் பெயரை எங்கே பார்த்தேன், எதற்காக எழுதுகிறேன் என்ற நான்கும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி. அதுவும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நினைவிலிருந்து பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

நான் முதலில் எழுதிய பத்துக் கடிதங்களில் எட்டுக்குப் பதில் வரவில்லை. எடுத்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. "எத்தனை டாங்கிகளை அழித்தீர்கள், எப்படி உணர்ந்தீர்கள்" என்று கேட்டிருந்தேன். எழுபது வயதுக்காரரிடம் அப்படிக் கேட்பது எவ்வளவு அநாகரிகம் என்று அப்போது உறைக்கவில்லை. பிறகு கேள்வியை மாற்றினேன். குளிர்காலத்தில் காலுக்கு என்ன அணிந்தீர்கள்? வீட்டிலிருந்து தபால் வர எத்தனை நாள் ஆகும்? போர்க்கைதியாக இருந்து விடுதலையாகி ஊருக்கு வந்த அன்று வீட்டில் யார் இருந்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒருவர் பதினொரு பக்கம் எழுதினார்.

விளிக்கும்போது "ஸேர் கெயேர்ட்டர் ஹெர்" என்று போட்டுக் குடும்பப்பெயரை எழுதுங்கள். மதிப்பிற்குரிய திரு என்று பொருள். "கமராட்", அதாவது தோழனே என்று விளிக்காதீர்கள். சில வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நெருக்கம் காட்டுவதற்காக அப்படி எழுதினார்கள். அது பக்கத்துக் குழியில் கூடவே கிடந்தவனுக்கு உரிய சொல், அந்த உரிமை நமக்கு இல்லை.

சேலத்திலிருந்து ஒருவர்: கையெழுத்துக்காக எத்தனை புகைப்படம் அனுப்பலாம்? பணம் வைக்கலாமா?

ஒன்று. மிஞ்சினால் இரண்டு, ஒன்று அவருக்கே என்று சொல்லி. ஒரே உறையில் பத்துப் படம் அனுப்பினால் விற்கத்தான் என்று உடனே தெரிந்துவிடும். பணம் வைக்காதீர்கள். திரும்பி வர ஜெர்மன் தபால்தலை ஒட்டிய உறை வைப்பதுதான் மரியாதை. ஸ்வஸ்திகா உள்ள கொடி, படம் எதையும் அனுப்பவே அனுப்பாதீர்கள். நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதும் பரப்புவதும் ஜெர்மன் குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி குற்றம். பதக்கத்தையே 1957 சட்டத்துக்குப் பிறகு ஸ்வஸ்திகா இல்லாத வடிவில்தான் அங்கே அணிய முடியும். நடுவில் ஓக் இலை இருக்கும்.

சென்னையிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியை: இவர்கள் ஹிட்லருக்காகப் போரிட்டவர்கள். இவர்களுக்கு மரியாதையாகக் கடிதம் எழுதுவதே எனக்கு நெருடுகிறது. உங்களுக்கு நெருடவில்லையா?

நெருடுகிறது அம்மா. இத்தனை வருடம் கழித்தும் நெருடுகிறது. அந்த நெருடல் போய்விட்டால் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது என் கட்சி.

நான் மரியாதை தருவது எனக்குப் பதில் எழுத உட்காரும் முதியவருக்கு. அவர் கழுத்தில் தொங்கிய சிலுவைக்கோ அதைக் கொடுத்த ஆட்சிக்கோ அல்ல. ஜெர்மன் படையிடம் பிடிபட்ட சோவியத் வீரர்கள் சுமார் 57 லட்சம் பேர், அவர்களில் சுமார் 33 லட்சம் பேர் உயிரோடு திரும்பவில்லை. கிழக்குப் போர்முனையில் இருந்த ஒருவருக்கு எழுதும்போது இந்த எண்ணிக்கை என் மேசைமீது இருக்கும். முதல் கடிதத்தில் கேட்க மாட்டேன். மூன்றாவது, நான்காவது கடிதத்தில், பழக்கம் ஏற்பட்ட பிறகு கேட்டிருக்கிறேன்: "கைதிகள் அணிவகுத்துப் போவதைப் பார்த்தீர்களா?" சிலர் அதோடு கடிதத்தை நிறுத்திவிட்டார்கள். சிலர் "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று இரண்டு வரியில் முடித்தார்கள். ஒரே ஒருவர், பீரங்கிப்படையில் இருந்தவர், தான் கண்டதை எழுதி, "இதை என் பிள்ளைகளிடம் சொல்லவில்லை" என்று அடியில் குறித்திருந்தார்.

1995இலிருந்து 1999 வரை, ஜெர்மன் தரைப்படையின் குற்றங்களைக் காட்டும் கண்காட்சி ஒன்று ஜெர்மனி, ஆஸ்திரியா நகரங்களைச் சுற்றிவந்தது. ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் நடத்தியது. கொலைகளை நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படை செய்தது, சாதாரண ராணுவம் சுத்தம் என்று அதுவரை சொல்லிவந்தவர்களுக்குப் பெரிய அடி. சில படங்களின் விளக்கத்தில் பிழை இருந்ததால் அதை நிறுத்தித் திருத்தி, 2001இல் மறுபடி திறந்தார்கள். அடிப்படை உண்மை அசையவில்லை. எனக்கு வந்த கடிதங்களின் குரலே அந்த வருடங்களில் மாறியது. சிலருக்குக் கோபம், சிலருக்கு மௌனம், ஓரிருவருக்கு மனம் திறந்தது. 1993இல் ஒருவர் எழுதியதையும் 1998இல் அவரே எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்தப் புத்தகத்திலும் கிடைக்காதது கிடைக்கும்.

பணிவான பதிலைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. ஹிட்லருக்குப் பின் சில வாரம் ஆட்சித் தலைவராக இருந்த கடற்படைத் தளபதி கார்ல் டோனிட்ஸ், நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணைத் தீர்ப்பின்படி பத்தாண்டு சிறையிலிருந்து 1956இல் வெளிவந்தார். 1980இல் இறக்கும்வரை ஔமியூலே என்ற சிற்றூரிலிருந்து சேகரிப்பாளர்களுக்கு அழகாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். அழகான கையெழுத்து அவரை நிரபராதி ஆக்காது.

எஸ்.எஸ். வீரர்களுக்கு நான் எழுதியதில்லை. அது என் சொந்த முடிவு.

திருச்சியிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர்: ஒரு விமானியின் கையெழுத்திட்ட படத்தை இணையத்தில் வாங்கினேன். அசலா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் மை. போர்க்காலத்தில் போட்டது என்று சொல்லி பால்பாயின்ட் பேனாக் கையெழுத்தைக் காட்டினால் அங்கேயே முடிந்தது. ஜெர்மனியில் அந்தப் பேனா போருக்குப் பிறகுதான் பரவியது. அடுத்து தாள். கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கில் தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்த, 1950களுக்குப் பிந்தைய தாள். கடிதமாக இருந்தால் அஞ்சல் எண்ணைப் பாருங்கள். மேற்கு ஜெர்மனியில் 1961 முதல் நான்கு இலக்கம். இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் கொஞ்சகாலம் முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்தார்கள், மேற்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று. 1993 ஜூலை 1 முதல் ஐந்து இலக்கம். 1985 தேதியிட்ட கடிதத்தாளின் தலைப்பில் ஐந்து இலக்க எண் அச்சாகியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், போலி.

நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு வியாபாரியிடம் நல்ல விலை கொடுத்து நான்கு படங்கள் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒன்றின்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டு கையெழுத்துகள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. எந்த மனிதனும் இரண்டு முறை அச்சாக ஒரே மாதிரி கையெழுத்துப் போட மாட்டான். வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை அது.

இறந்த தேதியையும் சரிபாருங்கள். பேர்பெற்ற ஜெர்மன் போர்விமானிகளில் எரிக் ஹார்ட்மான் 1993இல் இறந்தார், அடால்ஃப் கல்லாண்ட் 1996இல், குண்டர் ரால் 2009இல். அதற்குப் பின் அச்சான தாளில் அவர்கள் கையெழுத்து எப்படி வரும்?

ஈரோட்டிலிருந்து ஒரு மாணவி: எனக்கு ஜெர்மன் தெரியும். ஆனால் கிடைத்த கடிதத்தில் ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியவில்லை.

அது ஸுட்டர்லின் எழுத்தாக இருக்கும். 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்த கையெழுத்து முறை. 1941இல் நாஜி அரசே அதைக் கைவிட்டது. ஆனால் அதற்கு முன் பள்ளிக்குப் போனவர்களின் கை கடைசிவரை அதை விடவில்லை. அதில் 'e' பார்ப்பதற்கு நமக்குப் பழகிய 'n' போலவே இருக்கும், 'u' தலையில் ஒரு சிறு வளைவு இருக்கும். தினமும் அரை மணிநேரம் ஒரு கடிதத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

வேலூரிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர்: என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர், இத்தாலியில் காசினோவில் போரிட்டார். அவருக்கு ஒரு ஜெர்மன் பாராசூட் வீரர் எழுதிய இரண்டு கடிதங்கள் வீட்டில் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

அண்ணா, என் ஏழு பெட்டிகளுக்கும் ஈடாக உங்கள் இரண்டு கடிதங்களைச் சொல்வேன். நாங்கள் எல்லாம் வெளியிலிருந்து எழுதிய சேகரிப்பாளர்கள். உங்கள் தாத்தாவோ அதே மலையில் எதிர்ப்பக்கம் நின்றவர்.

1944 பிப்ரவரி, மார்ச்சில் 4வது இந்திய டிவிஷன், காசினோவில் துறவிமடம் இருந்த குன்றைப் பிடிக்க முயன்றது. அதன் பொறியாளர் பிரிவில் மெட்ராஸ் சாப்பர்ஸின் 12வது ஃபீல்டு கம்பெனி இருந்தது. எதிரே ஜெர்மன் 1வது பாராசூட் டிவிஷன். முதலில் கடிதங்களை ஸ்கேன் செய்து, உறையையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு அந்த வீரரின் குடும்பத்துக்கு எழுதிப் பாருங்கள். உங்கள் தாத்தா எழுதிய கடிதங்கள் அங்கே ஒரு மேசை இழுப்பறையில் இருக்கலாம். இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் அது கடிதப் போக்குவரத்து. படைப்பிரிவு நாட்குறிப்புகள் லண்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன, ஜெர்மன் ராணுவ ஆவணங்கள் ஃப்ரைபுர்க்கில். தேதிகளை ஒத்துப் பாருங்கள்.

இப்படி நடந்ததுண்டு. 1943 டிசம்பர் 20, ஜெர்மன் விமானி ஃப்ரான்ஸ் ஸ்டிக்லர், சிதைந்து பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தைச் சுடாமல் கடல்வரை கூடவே போய் வழிவிட்டார். அதை ஓட்டிய சார்லஸ் பிரவுன் பல வருடம் தேடி, ஒரு விமானிகள் சங்க இதழில் எழுதினார். 1990இல் கனடாவிலிருந்து பதில் வந்தது, அது நான்தான் என்று. இருவரும் சகோதரர்கள்போல் பழகி, 2008இல் சில மாத இடைவெளியில் இறந்தார்கள். ஸ்டிக்லருக்கு நைட்ஸ் கிராஸ் கிடைக்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: வந்த கடிதங்களை இணையத்தில் போடலாமா?

தாள் உங்களுடையது, அதில் எழுதியிருக்கும் வார்த்தைகள் அவருடையவை. ஜெர்மன் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை பதிப்புரிமை வாரிசுகளிடம். கேட்டுவிட்டுப் போடுங்கள். முகவரி, நோய், குடும்பச் சண்டை எதையும் போடாதீர்கள். நான் கேட்ட குடும்பங்களில் பெரும்பாலோர் சரி என்றார்கள், ஒரு மகள் மட்டும் வேண்டாம் என்றார். அந்தக் கட்டு இன்னும் கட்டியபடியே இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மாணவர்: பாதுகாக்க என்ன வழி?

அமிலமில்லாத உறை, இருட்டு, ஈரமில்லாத அலமாரி. லேமினேட் செய்யாதீர்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள். நீங்கள் எழுதியதன் நகலையும் கூடவே வையுங்கள். கேள்வி தெரியாவிட்டால் பதிலுக்குப் பாதி அர்த்தம்தான்.

புதுச்சேரியிலிருந்து ஓர் இல்லத்தரசி: இப்போதும் எழுதுகிறீர்களா? யாராவது மிச்சமிருக்கிறார்களா?

ஒரே ஒருவர். 1926இல் பிறந்தவர், பதினெட்டு வயதில் ஹங்கேரியில் காயம்பட்டு இரண்டாம் வகுப்புச் சிலுவை வாங்கியவர். கண் சரியாகத் தெரிவதில்லை, மகள் படித்துக் காட்டுகிறார். முப்பது வருடமாக நான் கேட்டேன், அவர் பதில் சொன்னார். போன வருடம் முதன்முறையாக அவர் என்னிடம் ஒன்று கேட்டார். கூட இருந்த நண்பன் எங்கே புதைக்கப்பட்டான் என்று தேடித் தர முடியுமா?

போர்க்கல்லறைகளைப் பராமரிக்கும் ஃபோல்க்ஸ்பண்ட் அமைப்பின் பட்டியலில் தேடினேன். புடாபெஸ்ட் பக்கத்தில் புதாஅர்ஷ் கல்லறையில் அந்தப் பெயர் இருந்தது, பிறந்த தேதியும் பொருந்தியது. பிரிவு, வரிசை, கல்லறை எண் மூன்றையும் பக்கம் நிறையப் பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பினேன். மகள் உதவியில்லாமல் அவரே படிக்கட்டும் என்று.