காண்டஸாவுக்கு டர்போ டீசல் ஏத்தலாமுங்களா?

கோபியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அவங்கப்பா ஓட்டுன 1.8 லிட்டர் பெட்ரோல் காண்டஸா கார் வீட்ல நிக்குதாம், பழைய இசுசு 2.0 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின் (டர்போன்னா புகையோட வேகத்துல சுத்தி எஞ்சினுக்குக் காத்தத் தள்ளறது) ஒண்ணு கெடைக்குதாம், அதை ஏத்துனா ஆடாம எப்படி உக்கார வெக்கறது, அப்பறம் வண்டிய எவனும் கெளப்பிட்டுப் போகாம என்ன பண்றதுன்னு.

ஏத்தலாமுங் தம்பி. டர்போ டீசல் காண்டஸாவுலயே கம்பெனி போட்டு வித்ததுதான், வேற எதையோ கொண்டாந்து திணிக்கறதுக்கு இது எவ்வளவோ மேலு. ஆனா காசு குடுக்கறதுக்கு முந்தி ஆர்டிஓ ஆபீஸ் போயிருங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கும் ஆர்சிக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுங்குது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொல்லுச்சு. உங்களுக்கு எஞ்சின் நம்பரும் மாறுது, பெட்ரோல் டீசலாவும் ஆகுது, அதனால அனுமதிய எழுத்துல வாங்காம ஸ்பேனரே எடுக்காதீங்க. எஞ்சின் நம்பர் போட்ட பில்லும் வேணும், இல்லீன்னா திருட்டு எஞ்சின் உங்க தலையில விழுந்துரும், ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸும் கைய விரிச்சுருவாங்க.

வாங்கறப்ப எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச், மவுண்ட் பிராக்கெட்டு எல்லாத்தையும் ஒட்டுக்கா வாங்குங்க. டர்போ ஷாஃப்ட்ட விரல்ல புடிச்சு ஆட்டிப் பாருங்க, பக்கவாட்டுல துளி அசைவு இருக்கும், ஆனா டர்போ உள்ள சுத்தற சக்கரம் அதோட கூட்டுல உரசுச்சுன்னாவோ முன்னபின்ன இழுத்தா அசையறது கைக்குத் தெரிஞ்சாவோ வேண்டாமுங்க.

இனி உக்கார வெக்கறது. ரெண்டு பக்கம் எஞ்சின் மவுண்ட்டு, பின்னால கியர்பாக்ஸத் தாங்கற குறுக்குச் சட்டத்துல (கிராஸ்மெம்பர்) ஒண்ணு, இந்த மூணு எடந்தான் அத்தனை இழுவையும் தாங்குது, ரப்பர் மூணுமே புதுசா போடுங்க. கம்பெனி பிராக்கெட்டு கெடைக்கலீன்னா கோயமுத்தூர் கணபதிப் பக்கம் நல்ல லேத் பட்டறையா பாத்து கெட்டித் தகட்டுல கஸ்ஸட் (மூலையில முட்டுக் குடுக்கற முக்கோணத் தகடு) வெச்சு செய்யச் சொல்லுங்க, மெல்லிசான பாடித் தகட்டு மேல நேரா வெல்டு வெக்க உடவே உடாதீங்க, அது கொஞ்ச நாள்ல கிழிஞ்சுரும். மொதல்ல எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பூட்டி உள்ள எறக்கி, சம்ப்பு (எஞ்சினுக்கு அடியில இருக்கற ஆயில் தொட்டி) முன் கிராஸ்மெம்பர்ல இடிக்குதா, பேனட் மூடுதா, ஸ்டீயரிங் தட்டுதான்னு பாத்து பொட்டு வெல்டு மட்டும் வெச்சுட்டு, மறுபடி வெளிய எடுத்து பிராக்கெட்டத் தனியா முழு வெல்டு பண்ணணும், இல்லாட்டி சூட்டுல ரப்பர் வெந்துரும். வண்டியில வெல்டு வெக்கறப்ப பேட்டரி ஒயரக் கழட்டி வெச்சுருங்க. கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டும் பின் ஆக்ஸில்ல இருக்கற டிஃப்ரென்ஷியல் பினியன் ஷாஃப்ட்டும் ஒண்ணுக்கொண்ணு இணையா நிக்கணும், அது தப்புச்சுன்னா ஸ்பீடு எடுத்ததும் வண்டியே அதிரும். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் எர்த் ஸ்ட்ராப்பு கட்டாயம், மறந்தா ஸ்டார்ட்டர் கரண்ட்டு ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாப் போயி கேபிள் கருகிரும்.

பிரேக்கத்தான் ஆளுக பாக்காம உட்றாங்க. பெட்ரோல்ல, மிதிய லேசாக்கற பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் (காத்து உறிஞ்சற இழுவை) எஞ்சின் காத்து இழுக்கற மேனிஃபோல்டுல இருந்து வந்துரும், டீசல்ல அது இல்லைங்க, ஆல்டர்னேட்டரோட வர்ற வேக்குவம் பம்ப்பு வேணும். அது இல்லாம நீங்க திம்பத்துல இருந்து பண்ணாரிக்கு 27 கொண்டை ஊசி வளைவு எறங்குனா பெடல் கல்லாட்டம் நிக்கும். டீசல் எஞ்சின் கனமும் எச்சு, முன்ஸ்பிரிங் தாழும், அதையும் மாத்துங்க.

டர்போவுக்கு ஆயில் திரும்பற பைப்பு மடங்காம சரிவா சம்ப்புக்கு எறங்கணும். மொத ஸ்டார்ட்டுக்கு முந்தி டீசல் பம்ப்புல இருக்கற ஸ்டாப் சாலினாய்டு (கரண்ட்டு வந்தாத்தான் டீசல உடற வால்வு) ஒயரக் கழட்டிட்டு, ஆயில் லைட்டு அணையற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல உட்டு உட்டு எஞ்சின சுத்த வெய்யுங்க.

திருட்டத் தடுக்க அதே சாலினாய்டுல மறைவா சுவிட்ச் வெக்கச் சொல்வாங்க, நான் வேண்டாமும்பேன். காண்டாக்ட்டு லூஸானா ஓடறப்பவே எஞ்சின் நின்னுரும், எஞ்சின் நின்னா வேக்குவமும் போச்சு, ரெண்டு மூணு மிதிக்கு மேல பூஸ்டர் உதவாது, பெடல் கல்லாயிரும். சுவிட்ச்ச ஸ்டார்ட்டர் ரிலே ஒயர்ல வெய்யுங்க, அது கெட்டா ஸ்டார்ட்தான் ஆகாது. தள்ளி ஸ்டார்ட் பண்ணிருவானேன்னா அதுக்கு ஸ்டீயரிங் லாக்கும் தனி பேனட் பூட்டும் போடுங்க, ஏன்னா பேனட்டத் தொறந்துட்டா எந்த சுவிட்சும் அவனுக்கு ஒரு ஒயர் வேலைதானுங்.