சைக்ளோட்ரானிலிருந்து கழற்றிய ஒரு தகடு

"அணுவை உடைத்துப் பார்த்ததைத் தவிர, ஆரம்பகாலத் துகள் முடுக்கிகளால் உருப்படியாக என்ன கிடைத்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இதன் பதில் அம்மாவின் எலும்பு ஸ்கேன் அன்று தெரிய வந்தது. ஊசி போட்ட நர்ஸ், "நிறைய தண்ணி குடிங்கம்மா, மூணு மணி நேரம் கழிச்சுப் படம் எடுக்கலாம்" என்றார். சீட்டில் டெக்னீசியம் என்று ஒரு கதிரியக்கப் பொருளின் பெயர் இருந்தது. காத்திருந்த நேரத்தில் அதைத் தேடிப் படித்தேன்.

1931 ஜனவரியில் அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்பியலாளர்கள் எர்னஸ்ட் லாரன்சும் லிவிங்ஸ்டனும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சைக்ளோட்ரானில் (துகள்களை வட்டமாகச் சுற்றவிட்டு வேகமூட்டும் முடுக்கி) துகள்களை 80,000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வரை முடுக்கினார்கள். காந்தப்புலத்தில் துகள் வட்டமடிக்கும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை மின்புலம் அதைத் தள்ளிவிடும். வேகம் கூடக் கூட வட்டமும் பெரிதாவதால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறுவதில்லை. அதனால் ஒரே தாளத்தில் தள்ளிக்கொண்டே இருக்கலாம்.

அவ்வளவு நல்ல கருவி இருந்தும் செயற்கைக் கதிரியக்கத்தை, அதாவது துகள்கள் மோதிய சாதாரணப் பொருளும் கதிர் வீசத் தொடங்குவதை, அவர்கள் தவறவிட்டார்கள். கதிரியக்கத்தை அளக்கும் கெய்கர் எண்ணியும் சைக்ளோட்ரானும் ஒரே சுவிட்சில் இருந்தன. இயந்திரம் நின்றதும் எண்ணியும் அணைந்துவிடும். மோதலுக்குப் பிறகும் பொருள் கதிர் வீசுவது எப்படித் தெரியும்? 1934-இல் பாரிஸில் ஜோலியோ-கியூரி தம்பதி, முடுக்கி இல்லாமலேயே அதைக் கண்டறிந்தார்கள்.

இனி அந்தத் தகட்டின் கதை. பல மாதங்கள் டியூட்ரான்கள் (கன ஹைட்ரஜனின் அணுக்கருக்கள்) மோதிய ஒரு மாலிப்டின உலோகத் தகட்டைச் சைக்ளோட்ரானிலிருந்து கழற்றிய லாரன்ஸ், 1937-இல் இத்தாலியின் பலெர்மோவில் இருந்த இயற்பியலாளர் எமிலியோ செக்ரேவுக்குத் தபாலில் அனுப்பினார். தனிம அட்டவணையில் 43-ஆவது இடம் அப்போது காலி. கண்டுபிடித்துவிட்டதாகப் பலர் சொன்னது எதுவும் நிலைக்கவில்லை. செக்ரேவும் கார்லோ பெரியேவும் அந்தத் தகட்டை வேதியியல் முறையில் பிரித்துப் பிரித்து, காலி இடத்துக்குரிய தனிமத்தைப் பிடித்தார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமமான டெக்னீசியம் அதுதான். வேதியியலுக்கு இதைவிட அழகான பரிசு இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

மறுவருடம் பெர்க்லியில் செக்ரேவும் வேதியியலாளர் கிளென் சீபோர்க்கும் அதன் இன்னொரு வடிவமான டெக்னீசியம்-99எம்-ஐக் கண்டார்கள். அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம்) 6 மணி நேரம்: படம் எடுக்கப் போதும், உடம்பிலும் நெடுநாள் தங்காது. அம்மாவுக்குப் போட்டது இதுதான். இன்று இதை வடித்தெடுக்கும் மாலிப்டினம்-99 பெரும்பாலும் அணு உலைகளில் உருவாகிறது. தொடக்கம் மட்டும் முடுக்கியில்.

கார்பன்-14-உம் (1940) புளூட்டோனியமும் அதே கூடத்தில் பிறந்தவை. ஆனால் நான் சொல்ல விரும்புவது அயோடின்-131. அப்போது கையில் இருந்த கதிரியக்க அயோடினின் அரை ஆயுள் 25 நிமிடம்தான். தைராய்டை ஆராய்ந்த ஜோசப் ஹாமில்டன் என்ற மருத்துவர், ஒரு வாரமாவது நிற்கும் அயோடின் கிடைக்குமா என்று சீபோர்க்கைக் கேட்டார். 1938-இல் சீபோர்க்கும் லிவிங்குட்டும் டெல்லூரியம் என்ற தனிமத்தைச் சைக்ளோட்ரானில் வைத்து, 8 நாள் அரை ஆயுளுள்ள அயோடினைக் கண்டெடுத்தார்கள். பின்னாளில் சீபோர்க்கின் தாயாருக்குத் தைராய்டு நோய் வந்தபோது, அவரைக் குணப்படுத்தியதும் அந்த அயோடின்தான்.