பிழை பார்ப்பதை விட்டால் நான் யார்?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 57. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் 31 வருடமாக ப்ரூஃப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், டைரி, தினசரி காலண்டர் எதுவானாலும் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். தாளைக் கையில் வாங்கியதும் பிழை எங்கே இருக்கிறதோ அங்கே கண் போய் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் ராகு காலம் 4.30 முதல் 6 வரை என்று இல்லாவிட்டால், படித்து முடிப்பதற்கு முன்பே ஏதோ இடறும். இதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

போன மாசியில் அம்மா இறந்துபோனார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டித்தான் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். என் மகன் அவசரமாகச் சுவரொட்டி அடித்துக்கொண்டு வந்து தெருமுனையில் ஒட்டியிருந்தான். 'இரைவனடி சேர்ந்தார்' என்று இருந்தது. நடுத்தெருவில் அவனைக் கத்தினேன். எல்லாவற்றையும் கிழிக்கச் சொல்லி, வேறு அடித்து ஒட்டும்வரை அங்கேயே நின்றேன். நீர்மாலைச் சடங்குக்கு என்னைத் தேடியிருக்கிறார்கள். அன்று நான் அழவில்லை. சுடுகாட்டிலும் என் மனதில் ஓடியது அந்த ஒரு ரகரம்தான்.

இரண்டு மாதம் கழித்து, கோவையில் இருக்கும் மகள் வாட்ஸ்அப்பில் 'பாட்டி நியாபகமாவே இருக்குப்பா' என்று அனுப்பினாள். நான் 'ஞாபகம்' என்று ஒரே ஒரு சொல்லைத் திருப்பி அனுப்பினேன். வேண்டுமென்று செய்யவில்லை, விரல் செய்துவிட்டது. அதற்கப்புறம் அவளிடமிருந்து எழுத்தாக எதுவும் வருவதில்லை. போனில் பேசினாலும் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறாள். 'உங்களுக்கு மனுஷங்களைத் தெரியல, எழுத்துதான் தெரியுது' என்றாள் என் மனைவி.

ஒரு நண்பர் தியானம் பண்ணச் சொன்னார். எண்ணத்தை நிறுத்து, 'நான் யார்' என்று கேள், கேட்கிறவன் மட்டும் மிஞ்சுவான் என்றார். வைகாசி முழுக்க விடியற்காலை 4 மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். எண்ணம் வரவரத் தள்ளினேன். ஒருநாள் திடீரென்று எல்லாம் நின்றுபோனது. உள்ளே யாருமே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் மடியில் இருந்த கைகள் வேறு யாருடையவோ போல இருந்தன. பயந்துபோய் எழுந்து முகம் கழுவினேன். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஆனால் பயம் போகவில்லை. பிழை பார்க்கிற ஆளை எடுத்துவிட்டால் எனக்குள் வேறு ஆளே இல்லையோ?

இன்னொன்று. அம்மா கடைசிவரை 'வாளப்பளம்' என்றுதான் சொல்வார். ஊரையே திருத்துகிற நான் அவரை ஒருநாளும் திருத்தியதில்லை. ஏன் என்று தெரியவில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

பெயர் வேண்டாம்,
சிவகாசி.

*

அன்புள்ள ஐயா,

உங்களுக்குப் பதில் எழுதுவது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. இதை அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், வழக்கமாக நான் அப்படிச் செய்வதில்லை.

முதலில் அந்த விடியற்காலையைப் பேசிவிடலாம். தன் உடம்பே தனக்கு அந்நியமாகத் தெரிவது, தன்னைத் தள்ளி நின்று பார்ப்பது போலிருப்பது, இதற்கு மருத்துவத்தில் டிபர்சனலைசேஷன் என்று பெயர். தூக்கம் கெட்டவர்களுக்கும் துக்கத்தில் இருப்பவர்களுக்கும் மிகவும் களைத்தவர்களுக்கும் சில நிமிடம் வந்து போவது உண்டு. தியானத்தில் தீவிரமாக இறங்கியவர்களுக்கும் வரலாம். உங்களிடம் இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன என்றே நினைக்கிறேன். ஆடிப் பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாக வேண்டும் என்று உங்கள் ஊர் அச்சகங்கள் இரவு பகலாக ஓடும் காலம் இது. நள்ளிரவில் வீட்டுக்கு வந்து 4 மணிக்கு எழுந்தால் மூளை என்ன செய்யும்? அதிகாலை உட்காருவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஏழு மணி நேரம் தூங்குங்கள். அந்த அனுபவம் திரும்பத் திரும்ப வந்தாலோ, மணிக்கணக்கில் நீடித்தாலோ, அழுகையே வராமல் எல்லாமே மரத்துப்போனது போல இருந்தாலோ, அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

உள்ளே தேடி ஆளைக் காணாமல் திகைத்தவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவவாதி, முப்பது வயதுகூட ஆகாதபோது, 1739-இல் வெளியான நூலில் இதையேதான் எழுதினார். 'நான்' என்பதைத் தேடி உள்ளே போனால் சூடு, குளிர், வெளிச்சம், நிழல், விருப்பு, வெறுப்பு என்று ஏதாவதொரு உணர்வுதான் கையில் சிக்குகிறது, அதை உணர்கிற 'நான்' தனியாகச் சிக்குவதே இல்லை என்றார். அந்த யோசனை அவரையும் இருட்டில்தான் கொண்டுபோய் விட்டது. அதற்கு அவர் சொன்ன வைத்தியம் எனக்குப் பிடிக்கும். சாப்பிடுகிறேன், நண்பர்களோடு சிரித்துப் பேசுகிறேன், பகடை உருட்டி விளையாடுகிறேன், மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அந்த யோசனைகள் கேலிக்கூத்தாகத் தெரிகின்றன என்கிறார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மனிதர் தாயம் ஆடித் தப்பித்திருக்கிறார்.

'நான் யார்' என்ற கேள்வியை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தக் கேள்வியால் அறியப்படும் ரமணர் உங்கள் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் பிறந்தவர். 1896-இல் மதுரையில், பதினாறு வயதில், சாவு பயம் திடீரென்று வந்து பிடித்தபோது அந்த விசாரணை அவருக்குள் தானாக நிகழ்ந்தது. உங்களிடம் நடந்தது வேறு. ஒரு பழக்கத்தை ஒழித்துக்கட்டுவதற்கான கருவியாக அந்தக் கேள்வியை எடுத்திருக்கிறீர்கள். 'எண்ணம் வரவரத் தள்ளினேன்' என்ற உங்கள் வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னியுங்கள். இது தப்பு, நீக்கு. இதுவும் தப்பு, நீக்கு. ஐயா, நீங்கள் தியானம் பண்ணவில்லை. உங்களையே ப்ரூஃப் பார்த்திருக்கிறீர்கள். அச்சகத்தில் தாளுக்கு நடப்பது விடியற்காலையில் உங்களுக்கு நடந்திருக்கிறது. எல்லாவற்றையும் நீக்கிய பிறகு தாள் வெற்றாக இருந்ததில் என்ன ஆச்சரியம்?

பழக்கம் இப்படித்தான் வேடம் மாற்றிக்கொண்டு வரும். குறை காண்பவர் தன் குறை காணும் குணத்தையே குறையாகக் கண்டு அதைத் திருத்தக் கிளம்புவார். எந்நேரமும் கவலைப்படுகிறவர், கவலைப்படுகிறோமே என்று கவலைப்படுவார். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தச் சுழலில்தான் மாட்டியிருக்கிறார்கள். நானும் மாட்டியிருக்கிறேன், அது இங்கே வேண்டாம்.

பிழை கண்ணில் படுவதை நிறுத்த முடியுமா? முடியாது. பேத்தியோ பேரனோ பக்கத்து வீட்டுக் குழந்தையோ இருந்தால் ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை ஸ்கெட்ச் பேனாவிலும், 'நீலம்' என்பதை மஞ்சளிலும், இப்படியே பத்துச் சொற்களை எழுதச் சொல்லுங்கள். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்ல வேண்டும். நாக்கு தடுமாறும். 1935-இல் ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சோதனையை வெளியிட்டார். படிக்கக் கற்றுக்கொண்ட மனிதனால் கண்முன் இருக்கும் சொல்லைப் படிக்காமல் இருக்க முடிவதில்லை. படிப்பது நம் சம்மதத்தைக் கேட்டு நடப்பதில்லை. சாதாரண ஆளுக்கே இப்படி என்றால், 31 வருடம் ரகர றகரத்தோடு வாழ்ந்த கண் 'இரைவனடி'யைத் தாண்டிப் போயிருக்குமா?

அதைத் தள்ளத் தள்ள இன்னும் வேகமாகத் திரும்பி வரும். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் பெரியவர்கள் சொன்னதை, 1987-இல் டேனியல் வெக்னர் என்பவர் வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். ஐந்து நிமிடம் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், அப்படி அடக்கி வைத்தவர்களுக்கு, அப்புறம் நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்ததும், முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது.

ஆகவே கண்ணை விட்டுவிடுங்கள். அது சம்பாதித்துப் போட்ட கண். நாம் கை வைக்கக்கூடிய இடம் வேறு. பிழை கண்ணில் படுவதற்கும் வாயோ விரலோ அசைவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. மிகச் சின்ன இடைவெளி. இல்லவே இல்லை என்று உங்களுக்குத் தோன்றும், விரல் செய்துவிட்டது என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது உங்களிடம் இருக்கிறது என்பதற்குச் சாட்சியையும் நீங்களே, எதற்கென்று தெரியாமல், கடிதத்தின் கடைசியில் வைத்துவிட்டீர்கள்.

வாளப்பளம்.

அந்த ளகரம் ஒவ்வொரு முறையும் உங்கள் காதில் விழுந்திருக்கும். விழாமல் போகாது. எத்தனை வருடம்! ஒருநாளும் வாய் திறக்கவில்லை. பழத்தை வாங்கி உரித்துச் சாப்பிட்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் சாப்பிட்டது யார்? பிழை பார்க்கிற ஆளை எடுத்துவிட்டால் வேறு ஆளே இல்லையோ என்று கேட்டீர்கள். அம்மா முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் இருக்கிறாரே. தியானத்தில் அவர் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர் தனியாக இருக்கிறவர் இல்லை. யாராவது எதிரில் இருந்தால்தான் வெளியே வருவார்.

சுவரொட்டிக்கு வருகிறேன். அதை நினைத்து நீங்கள் குமைவது தெரிகிறது. சாவு வீட்டில் மனம் தன்னால் சரிசெய்யக்கூடிய ஏதாவதொன்றைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் பந்தலுக்கு நாற்காலி போதவில்லை என்று அலைவார், ஒருவர் டீ வரவில்லை என்று சண்டை போடுவார். அம்மாவைத் திரும்பக் கொண்டுவர முடியாது, றகரத்தைக் கொண்டுவர முடியும். நீங்கள் றகரத்துக்காக நின்றீர்கள். இன்னொரு பக்கமும் எனக்குத் தோன்றுகிறது. எழுத்தே தெரியாத ஒரு பெண் தீப்பெட்டி ஒட்டி வாங்கித் தந்தவை உங்கள் எழுத்துகள். அவர் பெயரோடு ஊர்ச்சுவரில் ஏறும் கடைசி வரி சரியாக இருக்க வேண்டும் என்று அவர் மகன் நினைத்ததில் அன்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மகனைத் தெருவில் கத்தியது தப்பு, அவனிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அவனுக்கும் அன்று பாட்டி போயிருந்தார்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அச்சகத்தில் தாராளமாகப் பிழை பாருங்கள், சம்பளம் அதற்குத்தான். வீட்டில், சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் பேச்சிலாவது செய்தியிலாவது பிழை பட்டால் அதை நோட்டில் எழுதிவிட்டு, அவர் சொன்ன விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மறுநாள் காலையில் நோட்டைப் பார்த்து, இன்னும் சொல்லியே ஆக வேண்டும் என்று பட்டால் சொல்லுங்கள். பெரும்பாலும் சொல்லத் தோன்றாது. எத்தனை நாளில் பழகும்? ஒரு மண்டலம் என்றோ 21 நாள் என்றோ கணக்கு வைக்க வேண்டாம். லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒருநாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. ஒருநாள் வாய் முந்திவிட்டால், அதற்காக உங்களை மறுபடி ப்ரூஃப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள்.

அதே நோட்டின் பின்பக்கத்தில், அம்மா சொன்னவற்றை அவர் சொன்னபடியே எழுதுங்கள். வாளப்பளம், மள, கெளவி, எப்படிச் சொன்னாரோ அப்படி. ஒற்றுப் போட வேண்டாம். எழுதும்போது அழுகை வந்தால் வரட்டும், மாசியிலேயே வந்திருக்க வேண்டியது.

மகள் அனுப்பிய செய்தி உங்கள் போனில் இன்னும் இருக்கும் இல்லையா? பாட்டி நினைப்பாகவே இருக்கிறது என்று அவள் சொன்னதற்குப் பதில் இன்னும் போகவில்லை. பாட்டி பழம் கொடுப்பாளே, அதை எப்படிச் சொல்வாள் என்று உனக்குத் தெரியுமா என்று ஆரம்பித்து எழுதுங்கள். இன்று ராத்திரியே.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்