பிளகின் எழுதும்போது பழைய பிரவுசர்களை எதுவரை ஆதரிப்பது?

இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளுக்குப் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுதுகிறவர், மைக்ரோசாஃப்ட்டின் பழைய பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-ஐ இன்னும் கணக்கில் கொள்ள வேண்டுமா என்பது கேள்வி. வேர்ட்பிரஸ் 2021 ஜூலையில் வெளியான 5.8 பதிப்பிலேயே அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஆகவே நிர்வாகப் பக்கத்தில் மட்டும் இயங்கும் பிளகினுக்கு அந்தக் கவலை வேண்டாம். தளத்துக்கு வருகிறவர்கள் பயன்படுத்தும் படிவம், காலண்டர் போன்றவற்றை அப்படி விட்டுவிட முடியாது. எந்தப் பழைய கைபேசியோடு யார் வருவார் என்பது நம் கையில் இல்லை.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஃபெட்ச் (சர்வரிலிருந்து தரவு பெறுவது), ப்ராமிஸ் (பின்னர் வரும் விடையைக் கையாள்வது) போன்று பழைய பிரவுசரில் இல்லாத ஜாவாஸ்கிரிப்ட் வசதிகளை பாலிஃபில் (அதே வேலையைச் செய்துதரும் மாற்று நிரல்) கொண்டு ஈடுகட்டலாம். மொழியின் இலக்கணமே புதிதாக இருந்தால் பாலிஃபில் உதவாது. கோப்பின் கடைசி வரியில் ஒரேயொரு ஆரோ ஃபங்ஷன் (=> குறியால் ஃபங்ஷனைச் சுருக்கி எழுதும் புதிய முறை) இருந்தாலும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 அதை இலக்கணப் பிழையாகக் கருதி, அந்தக் கோப்பில் ஒரு வரியைக்கூட இயக்காது. முதல் வரியில் நீங்கள் எழுதிவைத்த ‘பிரவுசர் பழையதா’ என்ற சோதனையும் (அதை நம்பித்தான் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள்) ஓடாது. பேபல் போன்ற கருவியால் நிரலைப் பழைய வடிவுக்கு மாற்றலாம்தான், ஆனால் கோப்பு பெருத்து, புதிய பிரவுசர் வைத்திருப்பவரும் அந்தச் சுமையைச் சேர்த்தே இறக்க நேரிடும்.

என்னைக் கேட்டால், ஸ்கிரிப்ட் இல்லாமலே படிவம் சர்வருக்குப் போய்ச் சேரும்படி எச்டிஎம்எல்லில் எழுதிவிட்டு, மேல்வசதிகளை மட்டும் ‘மாட்யூல்’ வகை ஸ்கிரிப்டாகச் சேர்ப்பேன்; அந்த வகையை அறியாத பிரவுசர் அதைத் தொடாமல் கடந்துவிடும்.