டியூஷன் ஆசிரியரைத் தேடும் முன் விடைத்தாளை எடுங்கள்

கேள்வி: புறநகர்ப் பகுதிக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அக்கம்பக்கத்தில் யாரையும் அவ்வளவாகத் தெரியாது. மகள் எட்டாம் வகுப்பு. போன வருடம்வரை கணக்கில் நன்றாகத்தான் இருந்தாள், இப்போது பாஸ் மார்க்கே இழுபறி. மகன் நான்காம் வகுப்பு. இருவருக்கும் சேர்த்து வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். விளம்பரங்களில் எல்லோருமே நூற்றுக்கு நூறு என்கிறார்கள், யாரை நம்புவது?

பதில்: நூற்றுக்கு நூறு என்பவர்களை முதலில் ஒதுக்கிவிடுங்கள். உங்கள் பெண்ணின் நோட்டைக்கூடப் பார்க்காத ஒருவர் எதை வைத்து உறுதி தருகிறார்?

ஆளைத் தேடுவதற்கு முன்னால் ஒரு மாலை மகளோடு உட்கார்ந்து, அவளுடைய கடைசி இரண்டு மூன்று விடைத்தாள்களில் தப்பான கணக்குகளை மட்டும் பாருங்கள், திட்டாமல். அல்ஜீப்ராவில் தடுமாறும் பிள்ளைகள் பலருக்குச் சிக்கல் அல்ஜீப்ராவில் இருப்பதில்லை, இரண்டு வருடம் முன்னால் நடத்திய பின்னத்திலோ மைனஸ் குறியிலோ இருக்கும். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதிவிடுவார்கள் (கூட்டிய பிறகு அரையைவிடக் குறைந்துவிட்டதே என்று உறைக்காது), அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருந்தால் உள்ளே முதல் குறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். இது தெரியாமல் எட்டாம் வகுப்புப் பாடத்தையே மாலையில் இன்னொரு தடவை நடத்துவதற்கு ஒருவரை வைத்தால் காசுதான் போகும்.

அந்த விடைத்தாள்கள்தான் ஆளைச் சோதிக்கவும் உதவும். வருகிறவரிடம் அவற்றைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். சிலர் மார்க்கைப் பார்த்துவிட்டு மூடிவைப்பார்கள். ஒருவர் மட்டும் ஒவ்வொரு தப்பாகப் பார்த்து, "இதை ஏம்மா இப்படிப் போட்டே?" என்று உங்கள் மகளிடமே கேட்பார். அவரை விட்டுவிடாதீர்கள், டிகிரி கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் சரி.

அப்புறம் ஒரு ட்ரையல் வகுப்பு. அரை மணி நேரம் பார்த்தால் போதும், பேனா யார் கையில் இருக்கிறது என்று கவனியுங்கள். ஆசிரியரே போட்டுக் காட்டிக்கொண்டிருக்க, பிள்ளை தலையாட்டிக்கொண்டிருந்தால் அது வேலைக்கு ஆகாது.

தனிப்பயிற்சி என்றாலே எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. தனியாகக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை மிஞ்சினார் என்று அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984-ல் எழுதியது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் அந்த அளவுக்குத் தெரியவில்லை. தவிர, அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சோதனை வைத்து, விட்டதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்ததற்குப் போனார்கள். உங்கள் ஆசிரியரும் அப்படிச் செய்வாரா என்று கேட்டுவிடுங்கள்.

எங்கே தேடுவது? மகளைவிட ஒன்றிரண்டு வகுப்பு மேலே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம். பள்ளி வாசலில் நிற்கும்போது பேச்சுக் கொடுத்தால் போதும், யார் ஒழுங்காக வருகிறார், யார் பரீட்சை நேரத்தில் காணாமல் போகிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருந்தால் அதிர்ஷ்டம். புறநகரில் தூரம்தான் பெரிய வில்லன், ஒரு மணி நேரம் பயணம் செய்து வருகிற கெட்டிக்காரரைவிடப் பக்கத்துத் தெருவில் இருக்கும் பொறுமைசாலி மேல், ஏனென்றால் மழை நாளிலும் வருவார்.

இருவரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்காதீர்கள். நான்காம் வகுப்புப் பையனுக்கு நிஜமாகவே டியூஷன் தேவையா என்பதையும் யோசியுங்கள், அவனைப் பற்றி நீங்கள் குறை எதுவும் எழுதவில்லையே! தினமும் இருபது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்க வீட்டில் ஒருவர் இருந்தாலே இப்போதைக்குப் போதும்.

வகுப்பு கூடத்தில் நடக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும், வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், நல்ல ஆசிரியர் தப்பாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார். செய்தி அனுப்புவதென்றால் உங்கள் போனுக்கு, பிள்ளையின் போனுக்கு இல்லை. வருடம் முழுவதற்கும் ஃபீஸை முன்கூட்டியே கேட்டால் வேண்டாம், மாதாமாதம் கொடுங்கள். வராத வகுப்புக்கு என்ன கணக்கு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

கேள்வி: மகனின் வகுப்பு ஆசிரியரே டியூஷன் எடுக்கிறார். சேர்க்காவிட்டால் மார்க்கில் கைவைப்பாரோ என்று பயம்.

பதில்: அந்தப் பயத்துக்காகச் சேர்க்க வேண்டாம். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கே காசு வாங்கிச் சொல்லிக்கொடுக்கப் பல இடங்களில் தடை இருக்கிறது, பள்ளி அலுவலகத்தில் பொதுவாக விதியைக் கேட்பதுபோல விசாரியுங்கள், பெயரைச் சொல்லத் தேவையில்லை. திருத்திய விடைத்தாள்களை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.