குதிகாலில் முள் வளர்ந்திருக்கிறது என்றார்கள்… அறுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் நின்றபடியே வேலை. வயது 43. வலது குதிகாலில் ஏழு மாதமாக வலி. காலையில் எழுந்து காலை ஊன்றினால் உயிர் போகிறது. நாலு எட்டு வைத்தால் தேவலை, சாயங்காலம் மறுபடி ஆரம்பிக்கிறது. எக்ஸ்ரே பார்த்து முள் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். ஊசி போட்டுக் கரைக்கலாம், இல்லாவிட்டால் ஆபரேஷன் என்கிறார் ஒருவர். பாதத்தை ஸ்கேன் செய்து 7,000 ரூபாய்க்கு இன்சோல் தருகிறோம் என்கிறது ஒரு முகாம். எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) என்னும் மெத்தென்ற செருப்பு போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எலும்பு இன்னும் வளரக் கூடாதே என்று பாலையும் நிறுத்திவிட்டேன். சர்க்கரை இல்லை. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகலாமா?

பதில்: முதலில் பாலைக் குடியுங்கள். குதிகால் முள்ளுக்கும் நீங்கள் சாப்பிடும் கால்சியத்துக்கும் சம்பந்தமே இல்லை. 43 வயதுப் பெண் பாலை நிறுத்தினால் குதிகால் முள் கரையாது, இடுப்பெலும்பும் முதுகெலும்பும்தான் நஷ்டப்படும்.

அடுத்து அந்த எக்ஸ்ரே. முள் என்றதும் ஆணி மாதிரி கீழ்நோக்கி நீட்டிக்கொண்டு, ஊன்றும்போதெல்லாம் சதையைக் குத்துகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். படத்தை எடுத்து உற்றுப் பாருங்கள். முள் தரையை நோக்கி இருக்காது, விரல்களை நோக்கி முன்பக்கமாக நீண்டிருக்கும். வலியே இல்லாதவர்கள் பலருடைய எக்ஸ்ரேயிலும் அது இருக்கிறது. முள்ளே இல்லாமல் வலியால் துடிப்பவர்களும் உண்டு. வலி குணமான பிறகு எடுத்தாலும் முள் அங்கேயேதான் இருக்கும். அதனால் 'முள்ளைக் கரைக்கிறேன்' என்று ஊசியோ, தைலமோ, பொடியோ நீட்டுகிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். எந்த ஊசியும் முள்ளைக் கரைப்பதில்லை.

வலி எங்கிருந்து வருகிறது? குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் வேர் வரை ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். குதிகாலின் உள்பக்கமாக, சற்று முன்னால் கட்டைவிரலால் அழுத்தினால் 'அம்மா' என்று கத்த வைக்கும் ஓர் இடம் இருக்கும். பட்டை எலும்பில் ஒட்டும் இடம் அது. வருடக்கணக்கில் சிமெண்ட் தரையில் நின்று நின்று அந்த ஒட்டு நைந்து போயிருக்கிறது. தூங்கும்போது பாதம் கீழே மடங்கியிருப்பதால் பட்டையும் கெண்டைக்கால் தசையும் சுருங்கிக் கிடக்கும். காலையில் முதல் அடி வைத்ததும் நைந்த இடம் ஒரே இழுப்பில் விரியும். நாலு எட்டில் இளகிவிடும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான். இரண்டு குதிகாலும் வலித்து, முதுகும் காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது வேறு நோய். உங்களுக்கு அப்படி இல்லை.

இந்த வலி பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடுகிறது. ஆனால் சும்மா இருந்தால் ஆகாது, பத்து நாளிலும் ஆகாது. மூன்று மாதம் என்று கணக்கு வையுங்கள்.

கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே முதல் பயிற்சி. உட்கார்ந்து வலது காலை இடது தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையால் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து முழங்காலை நோக்கி வளையுங்கள். மறுகையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை கயிறு மாதிரி விறைத்திருப்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் இழுக்க வேண்டும் என்று அர்த்தம். 10 விநாடி பிடித்து விடுங்கள். இப்படி 10 தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கும் முன் ஒரு வேளையை முடித்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் பாத்ரூம் போய்வந்த பிறகு செய்கிறார்கள். அதற்குள் முதல் அடி விழுந்து நைந்த இடம் விரிந்துவிடுகிறது. பிறகு செய்து என்ன பயன்?

இரண்டாவது, கெண்டைக்கால். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, முழங்காலை நீட்டியபடி முன்னால் சாயுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது, பாதம் வெளிப்பக்கம் திரும்பக் கூடாது. 30 விநாடி, மூன்று தடவை. அதையே முழங்காலைச் சற்று மடக்கி இன்னும் மூன்று தடவை. துள்ளித் துள்ளி இழுக்காதீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். பலர் சொல்லித்தராமல் விடுவதும் இதைத்தான். இழுத்துவிடுவது இதத்துக்கு, பட்டை பலப்பட அதன்மேல் பாரம் ஏற வேண்டும். மாடிப்படியின் கடைசிப் படியில் பாதத்தின் முன்பாதியை மட்டும் வையுங்கள். ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்தால் விரல்கள் மேல்நோக்கி வளைந்திருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குங்கள். இப்படி 12 தடவை, மூன்று சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஒற்றைக்காலில் முடியாவிட்டால் முதல் சில நாள் இரண்டு காலிலும் செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தோளில் ஒரு பையை மாட்டி, அதில் இரண்டு மூன்று கிலோ அரிசியைப் போட்டு, 10 தடவையாக நாலு சுற்று. இன்னும் இரண்டு வாரம் போனால் எடையைக் கூட்டி 8 தடவையாக ஐந்து சுற்று. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட மோசமாக இருந்தால் எடையைக் குறையுங்கள். பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, மெல்லிய துணி சுற்றி, உள்ளங்காலுக்கு அடியில் 10 நிமிடம் உருட்டலாம்.

இனி செருப்பு. உலகத்துக்கே ஷூ அனுப்பும் ஊரில் இருக்கிறீர்கள். எந்த ஷூ நல்லது என்று உங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். பின்பக்கம் குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் கவுண்டர் விறைப்பாக இருக்க வேண்டும், நடுவில் ஷேங்க் என்ற விறைப்பான பட்டை இருக்க வேண்டும், மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில் மட்டுமே மடங்க வேண்டும். குதிகால் முன்பாதியைவிட ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருந்தால் பட்டைக்கு இழுப்பு குறையும். இப்படிப்பட்ட ஷூவை நாள் முழுக்கத் துடைத்துப் பெட்டியில் போடுகிறவர்கள், பஜாரில் வாங்கிய, நடுவில் இரண்டாக மடியும் ரப்பர் செருப்போடு நிற்கிறார்கள். முதலில் மாற வேண்டியது அதுதான். வீட்டிலும் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

7,000 ரூபாய் இன்சோல் வேண்டாம். கணினித் திரையில் சிவப்பும் நீலமுமாகப் பாதத்தைக் காட்டினால் நமக்குப் பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அளவெடுத்துச் செய்த இன்சோலையும் கடையில் ரெடிமேடாகக் கிடைப்பதையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் வலி குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சில நூறு ரூபாய்க்கு வளைவைத் தாங்கும் ரெடிமேட் இன்சோலோ, சிலிக்கான் குதிகால் கப்போ போதும். கப்பை இரண்டு காலிலும் போடுங்கள். ஒன்றில் மட்டும் போட்டால் இடுப்பு ஏறுமாறாகி அடுத்த வலி அங்கே தொடங்கலாம். மண்டபத்தில் இலவச முகாம் போடுகிறவர் மண்டப வாடகையை எங்கிருந்து எடுக்கிறார் என்று யோசித்தாலே போதும். வேலூரில் ஆஸ்பத்திரி வாசலில் 'எந்த டாக்டரம்மா, என்ன டெஸ்ட், சீக்கிரம் பார்த்துத் தர்றேன்' என்று வருகிறவரும் இதே ரகம்தான். குதிகால் வலிக்கு எம்.ஆர்.ஐ., யூரிக் ஆசிட், வைட்டமின் என்று பேக்கேஜ் எழுதினால், எதற்கு என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

மெடிக்கலில் பொட்டலம் கட்டித் தரும் 'செட் மாத்திரை' இன்னும் ஆபத்து. அட்டையும் பெயரும் இல்லாமல் வரும் அந்தக் குட்டி மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டு. மறுநாளே வலி பறந்துவிடும், அதனால்தான் விற்கிறது. மாதக்கணக்கில் தின்றால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.

குதிகாலில் போடும் ஊசியும் ஸ்டீராய்டுதான். தவறான மருந்தில்லை, சில வாரத்துக்கு நிம்மதி தரும். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை கரைந்துபோகும், பட்டையே அறுந்தும் போகலாம். பயிற்சி செய்து பார்க்காமல் முதல் நாளே ஊசி போட ஒப்புக்கொள்ளாதீர்கள். போட்டால் என்ன மருந்து, எந்தத் தேதி என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த டாக்டர் அதையே மறுபடி போடுவார்.

இப்போது எம்.சி.ஆர். செருப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொழுநோயால் உணர்ச்சி மரத்த கால்களுக்காக வந்த செருப்பு அது. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் கரிகிரி தொழுநோய் மையத்தினரும் அப்படிப்பட்ட கால்களைப் புண்ணாகாமல் காக்க மெத்தென்ற செருப்புக்காகப் பாடுபட்ட வட்டாரம் இது. இன்று அது சர்க்கரை நோயாளிகளின் காலுக்கு வந்திருக்கிறது. வெறும் குதிகால் வலிக்கு அது மோசமில்லை, ஆனால் மெத்தென்று இருப்பது மட்டும் போதாது. வளைவைத் தாங்க வேண்டும், நடுவில் மடியக் கூடாது.

உங்களுக்குச் சர்க்கரை இல்லை என்கிறீர்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இந்த வருடம் பார்க்கவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். சர்க்கரை இருந்து கால் மரத்தும் இருந்தால் மேலே சொன்ன பாதி ஆலோசனை தலைகீழாகிவிடும். வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஒவ்வொன்றாக, அழுத்தாமல் ஓரிரு விநாடி விரலால் தொடட்டும். ஆறு இடத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. அந்தக் காலுக்கு ஐஸ் பாட்டில் கூடாது, வெந்நீர் கூடாது. செங்கல்லைச் சுடவைத்து எருக்கம் இலையைப் போட்டுக் குதிகாலை ஊன்றும் வைத்தியம் கூடவே கூடாது. உணர்ச்சி உள்ளவருக்கு அந்த ஒத்தடம் ஒரு மணி நேர இதம், அவ்வளவே. மரத்த காலுக்கு அது தீக்காயம். சூடு தெரியாமலே தோல் வெந்து, நாலு நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் கண்டுபிடிப்பார்கள். வேலூர் வெயிலில் மே மாதம் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடந்தாலும் இதே கதைதான். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரையும் எகிறும். இப்படிப்பட்டவருக்கு எம்.சி.ஆர். கட்டாயம். அதுவும் உண்மையான எம்.சி.ஆர்.! மெல்லிய நுரைத் தகட்டில் மூன்று எழுத்தை அச்சடித்து விற்கிறார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்குங்கள். பாதித் தடிமனுக்கு அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். அடியில் கெட்டியான சோல் இருக்க வேண்டும், ஆணி அடித்திருக்கக் கூடாது, பின்பட்டை இருக்க வேண்டும். பின்பட்டை இல்லாத செருப்பு மரத்த காலிலிருந்து நழுவி விழுந்தால் போட்டவருக்கே தெரியாது.

வேலை விஷயம். நின்று வேலை செய்பவர்களுக்கு இடையிடையே உட்கார வசதி தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆவது பிரிவிலேயே எழுதியிருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு ஸ்டூல் கேட்க டாக்டர் சீட்டு வேண்டியிருக்கிறது. சரி, சீட்டே வாங்குங்கள்: 'மூன்று மாதம் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உட்கார வேண்டும், காலடியில் ரப்பர் மேட் வேண்டும்' என்று. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் இரண்டு நிமிடத்தில் வலி மாத்திரை, வயிற்று மாத்திரை, கால்சியம் எழுதி அனுப்பிவிடுவார்கள். பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லி நீங்களாகக் கேட்டால்தான் ரெஃபரல் வரும். கேளுங்கள். வலி முற்றினால் மருத்துவ விடுப்புக்கும் வழி உண்டு. சந்தா நாட்கள் சரியாக இருந்தால் வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும்.

கிரிவலம் இப்போது வேண்டாம். வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் தார்ச்சாலை, மூன்று மாத உழைப்பை ஒரே ராத்திரியில் கரைத்துவிடும். காலையில் முதல் அடி ஒரு மாதம் தொடர்ந்து வலிக்காமல் இருந்து, முழு ஷிஃப்டும் நிற்க முடிந்த பிறகு, ஷூ போட்டு மூன்று நாலு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். மறுநாள் காலை கால் ஒன்றும் சொல்லாவிட்டால் அடுத்த வாரம் ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் பாதிகூடக் குறையவில்லை என்றால் திரும்ப டாக்டரிடம் போங்கள். அப்போது ஊசியைப் பற்றிப் பேசலாம், ஆறு மாதம் தாண்டினால் அதிர்வலைச் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். போகும்போது பயிற்சி செய்த நாட்களைக் குறித்த காலண்டர் தாளையும், தினமும் போடும் செருப்பையும் கையோடு கொண்டுபோங்கள்.