மனித உரிமைக் களப்பணியாளர் வெளிநாட்டு ஃபெலோஷிப்புக்கு (உதவித்தொகையோடு தரும் பயிற்சிக்கு) விண்ணப்பிப்பதால் பயன் உண்டா?

மாவட்ட அளவில் இயங்கும் சிறிய அமைப்பில் வேலை செய்வதாகவும், ஆங்கிலம் சுமார்தான் என்றும், இந்தப் பயிற்சிகளெல்லாம் வெறும் சுற்றுலா என்று மூத்தவர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கட்டாயம் விண்ணப்பியுங்கள். காவல் சித்திரவதை வழக்குகளை ஆவணப்படுத்தும் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். பாதிக்கப்பட்டவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதுகிறவருக்குத்தான் இந்த வாய்ப்பு முதலில் போய்ச் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பயன் என்ன என்று கேட்டால், ஒரு மனுவைக் கையில் எடுத்துக் காட்டுவேன். 'காவல் நிலையத்தில் வைத்துக் கொடூரமாகத் தாக்கினார்கள்' என்ற வரி நம் ஊர் மனுக்களில் தவறாமல் இருக்கும். அந்த வரியில் கோபம் இருக்கிறது, தகவல் இல்லை. ஜெனீவாவில் பயிற்சி பெற்றுத் திரும்பிய எங்கள் தோழி கேட்கும் கேள்விகளே வேறு. எந்த நிலையம், எந்த அறை, எத்தனை மணிக்கு? சீருடையில் பெயர்ப்பட்டை இருந்ததா? எதனால் அடித்தார்கள், உடம்பில் எங்கே? அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியில், அதாவது காயங்களைக் குறிக்கும் விபத்துப் பதிவேட்டின் நகலில், மருத்துவர் என்ன எழுதினார்? நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தியபோது காயத்தைப் பற்றிச் சொல்ல விட்டார்களா? கடைசியாக, உங்கள் பெயரை அரசுக்குத் தெரிவிக்கச் சம்மதமா?

அந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. சித்திரவதை பற்றிய புகார்களைக் கவனிக்க ஐ.நா. நியமித்த நிபுணரான சிறப்பு அறிக்கையாளருக்குப் புகார் அனுப்பினால், தகவல் கொடுத்தவரின் பெயர் ரகசியமாக இருக்கும். பாதிக்கப்பட்டவரின் பெயரோ பொதுவாக அரசுக்குத் தெரிவிக்கப்படும். மகனை இழந்த தாய் இதை அறியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. அவர் அந்த ஊரிலேயே, அந்தக் காவல் நிலைய எல்லைக்குள்ளேயேதான் தொடர்ந்து வாழப்போகிறார்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, ஆனால் அதற்குக் கட்டுப்படுவதாக இன்றுவரை முறைப்படி ஏற்புறுதி செய்யவில்லை. அதனால் அந்த உடன்படிக்கையின் குழுவிடம் நம் வழக்கைக் கொண்டுபோக வழியில்லை. சிறப்பு அறிக்கையாளருக்கு எழுத இந்தத் தடை கிடையாது. உள்நாட்டு நீதிமன்றங்களை எல்லாம் முடித்துவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. புகாரை ஏற்றால் அவர் அரசுக்குக் கடிதம் எழுதுவார். பதிலுக்கு வழக்கமாக 60 நாள் அவகாசம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் பின்னர் கடிதம் பொதுவெளிக்கு வரும். அதனால் மறுநாளே நீதி கிடைத்துவிடாது. ஆனால் டெல்லி பதில் எழுத வேண்டுமானால் மாநிலத்தைக் கேட்க வேண்டும், மாநிலம் மாவட்டத்தைக் கேட்க வேண்டும். மூடிவைத்த கோப்பைத் திறக்க இது ஒரு நெம்புகோல். இதை இயக்கக் கற்றுக்கொள்ளத்தான் போகச் சொல்கிறேன்.

எதற்கு விண்ணப்பிப்பது என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. ஐ.நா. வழிமுறைகள் வேண்டுமென்றால் ஜெனீவா. அங்கே மனித உரிமைகளுக்கான சர்வதேச சேவை என்ற அமைப்பு, ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடியிருக்கும் நாட்களிலேயே பயிற்சி கொடுக்கிறது. ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமும் பழங்குடியினருக்கு 1997இலிருந்தும், இன, மத, மொழிச் சிறுபான்மையினருக்கு 2005இலிருந்தும் ஃபெலோஷிப் தருகிறது. விண்ணப்பிப்பவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். விமான டிக்கெட், தங்கும் செலவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அவர்களுடையது.

பிறருக்குக் கற்றுக்கொடுப்பவராக ஆக விரும்பினால், கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உள்ள எக்விடாஸ் என்ற மனித உரிமைக் கல்வி அமைப்பு. சில வாரப் பயிற்சி. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வரைவை எழுதிய ஜான் ஹம்ஃப்ரி அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் மனித உரிமைப் பணியாளர்களுக்கு நடத்தும் திட்டம் சில மாதங்கள் நீளும், அதற்கு ஆங்கிலம் நன்றாகவே வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது சிட்னியில் 1989இல் தொடங்கிய ராஜதந்திரப் பயிற்சித் திட்டம். அதை உருவாக்கியவர் ஜோசே ராமோஸ் ஹோர்த்தா. இந்தோனேசியா கைப்பற்றிய கிழக்கு திமோருக்காக ஆண்டுக்கணக்கில் ஐ.நா. தாழ்வாரங்களில் ஆதரவு தேடி அலைந்தவர். அந்த அனுபவத்தை ஆசிய, பசிபிக் நாடுகளின் களப்பணியாளர்களுக்குப் பாடமாக்கினார். 1996இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு, 2002இல் அவர் நாட்டுக்கு விடுதலை. உலகம் கைவிட்ட ஒரு கோரிக்கையை உயிரோடு வைத்திருந்தவர் சொல்லும் பாடத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

மிரட்டலால் ஓய்ந்துபோனவர்களுக்கு வேறு வகை இருக்கிறது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகமும், நெதர்லாந்தின் ஷெல்டர் சிட்டி திட்டமும் சில மாதங்கள் பாதுகாப்பாகத் தங்க இடம் தருகின்றன. இளைப்பாறப் போவதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. சீனாவின் சாவ் ஷுன்லி, அரசு தன் மனித உரிமை அறிக்கையைத் தயாரிக்கும்போது குடிமக்களையும் கேட்க வேண்டும் என்று போராடியவர். ஜெனீவாவில் இதே போன்ற பயிற்சிக்குப் புறப்பட்டவரை 2013 செப்டம்பர் 14 அன்று பெய்ஜிங் விமான நிலையத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். காவலில் உடல்நிலை மோசமாகி, 2014 மார்ச்சில் மருத்துவமனையில் இறந்தார். அவருக்காகப் பேரவையில் மௌன அஞ்சலி செலுத்த முயன்றபோது சீனா எதிர்ப்புத் தெரிவித்தது. சர்வதேச அமைப்புகளோடு தொடர்புகொள்ளும் உரிமையை 1998ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனம் உறுதி செய்கிறது. இருந்தும் இது நடந்தது. ஆகவே உங்கள் மீது வழக்கு இருந்தால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். பயணத் தேதியைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

விண்ணப்பத்தில் 'விளிம்புநிலை மக்களின் அதிகாரத்துக்காகப் பாடுபடுகிறேன்' போன்ற பொது வாசகங்கள் வேண்டாம். ஒரே ஒரு வழக்கை எடுத்து, என்ன செய்தீர்கள், எங்கே முட்டி நின்றது, எதைக் கற்றால் நகரும் என்று எழுதுங்கள். ஆங்கிலத்தை வேறொருவர் திருத்தலாம், அந்த விவரங்களை உங்களைத் தவிர யாராலும் எழுத முடியாது.

கிடைத்துவிட்டால், புறப்படும் முன் உங்கள் வழக்குகளின் வாய்தா தேதிகளை எழுதி ஒருவரிடம் பொறுப்பாகக் கொடுங்கள். நள்ளிரவில் உங்கள் எண்ணுக்கு அழைத்துப் பழகிய குடும்பங்களிடம், இனி யாரை அழைக்க வேண்டும் என்று நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.